சாய்த்த உள்ளங்கை

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருஷக் கடைசி. கோத்தா பாருவில் வாக்கப்பட்ட மகள் விஜயாவுக்குத் தலைப்பிரசவம். துணைக்கு ஆளில்லை. கிழக்குக்கரை வெள்ளத்தில் ரயில் பாதையும் மூழ்கிவிட்டது. விமானத்தை விட்டால் வேறு வழி கிடையாது. மருமகன் டிக்கெட்டே எடுத்துவிட்டார். ஆனால் காஜா பேராங்கில் இருந்த தாய் பூங்காவனம் ஏறமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவ்வளவு பெரிய இரும்பு காற்றில் எப்படி நிற்கும், அதுவும் தன் உடம்பையும் சுமந்துகொண்டு?

புருஷன் பொன்னுதுரை பத்து பெரெண்டாம் விமானத் திடலில் புல் வெட்டுகிறவர். விமானம் பற்றி வாய் கிழியப் பேசுவார். ஒரு நாளும் ஏறியதில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

புறப்படும் நாளன்று பிள்ளைபெற்றவளுக்கான மருந்தும் துணிமணியும் பையில் இருந்தன. திடல் வரைக்கும்தான் வருவேன் என்று சொல்லித்தான் பூங்காவனம் புருஷனோடு பஸ் ஏறினாள். வழியெல்லாம் கண்ணீர். பொன்னுதுரை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். கல்யாணமான நாள் முதல் நாலு பேர் பார்க்க அவள் கையைத் தொட்டவரில்லை. அவள் கூசிப்போனாள்.

"உள்ளங்கையைத் தட்டையா வை, பூவு. இப்ப முன்பக்கத்த மட்டும் லேசா தூக்கு."

கை தானாக மேலே போனது.

"நான் தூக்கலீங்க."

"காத்துதான் தூக்குது. நீ அதைக் கீழ தள்ளுற, அது உன்னை மேல தள்ளுது. ரெக்கையும் அப்படித்தான்."

அவள் ஆசையாக இன்னும் நிமிர்த்தினாள். காற்று கையைப் பின்னால் அடித்துத் தள்ளியது. மேலே தூக்குகிற காற்றே பின்னாலும் இழுக்கும், அந்த இழுப்பை ஜெயிக்கத்தான் இன்ஜின், அளவுக்கு மீறி நிமிர்த்தினால் தூக்குவதே நின்றுவிடும் என்றார் அவர். அதற்குள் பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. அவள் கை தொப்பென்று இறங்கியது.

"இன்ஜின் நின்னுட்டா?"

அவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "நிக்காது பூவு."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திடலில் இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் விமானத்தில் ஏறிவிட்டாள்.

விமானம் ஓடத் தொடங்கியபோது பொன்னுதுரைக்குத் தான் சொன்னது ஒன்றிலும் நம்பிக்கையில்லை. வேலியோரம் நின்றவரின் கை தானாக நீண்டு, லேசாகச் சாய்ந்தது. விமானம் கண்ணுக்கு மறைந்த பிறகும் அதை இறக்க அவருக்கு மனம் வரவில்லை.

பொங்கல் கழித்து பூங்காவனம் ரயிலில் திரும்பினாள். பேத்தியின் மூக்கு, முடி, அழுகை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, கடைசியில் வெட்கத்தோடு சொன்னாள்.

"ஏறுனதிலேருந்து கையைச் சாய்ச்சே வச்சிருந்தேங்க. இறங்கறப்ப மணிக்கட்டு வலி தாங்கல."

"எனக்குந்தான்" என்றார் பொன்னுதுரை.