வடிந்த தண்ணீர் திரும்புமா?

அக்தர் பானு அக்காவும் நானும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைக்கிறவர்கள். அக்காவிடம் சூப்பர்வைசரே வாய் கொடுக்க மாட்டார். அவள் வீட்டுக்காரர் ஹமீத் பாய் தோல் பதனிடும் டேனரியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது, ‘மனுஷன் எழுந்தால் பம்பாயில் கடலுக்கு நடுவே இருக்கும் தர்காவுக்கு அவர் காலாலேயே நடந்து வருவார்’ என்று வேண்டிக்கொண்டாள். எழுந்துவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினாள்.

போய் நின்றால் தர்கா தெரிகிறது, பாதையைக் காணோம்!

“இன்னாடி ஷர்மிளா, தப்பான எடத்துக்கு வந்துட்டமா?”

தண்ணீர் இறங்கும், பொறுங்கள் என்றார் காவலாளி. மத்தியானம் ஈரம் சொட்டச் சொட்டப் பாதை எழுந்து வந்தது. எனக்குத் தலை சுற்றியது. எங்காவது மதகைத் திறந்துவிட்டார்களா? பீச்சில் அலை பார்த்திருக்கிறோம்; கடலே இப்படி இறங்கும் என்று யார் கண்டது?

“வடிஞ்சிருச்சுல்ல, இனி இன்னா அவசரம்?” என்றாள் அக்கா. பாலாற்றங்கரைப் புத்தி! எங்கள் ஆற்றில் வெள்ளம் போனால் போனதுதான், அப்புறம் வருஷக்கணக்கில் வெறும் மணல். சாப்பிட்டோம். பாய் ஒரு தூக்கம் போட்டார். வெயில் தாழ்ந்தபின் கிளம்பி, பாதி வழியில் அவரை உட்காரவைத்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

விசில் கேட்டது. கடல் ஏறுகிறது, திரும்புங்கள் என்று காவலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“மழையே இல்ல, தண்ணி எங்கேர்ந்து வரும்?” என்று அக்கா அவரிடம் சண்டைக்கு நின்றாள். அதற்குள் அவள் செருப்பு நனைந்துவிட்டது. பாயின் கைகளை எங்கள் தோளில் போட்டு இழுத்தோம். கரையேறும்போது முழங்கால்வரை தண்ணீர்.

அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். “வேண்டுதலும் போச்சு. நானே இவர கொல்லப் பாத்தேனே!”

நாளைக்கும் பாதை திறக்கும், கடலுக்குத் தினமும் இதுதான் வேலை என்றார் காவலாளி. நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா?

மறுநாள் திறந்தது. பாய் கம்பை ஊன்றி எழுந்து, “வா, போலாம்” என்றார்.

அக்கா நகரவில்லை. “ஷர்மிளாகூட போங்க. இத யாராச்சும் பாத்துக்கினு இருக்கணும்ல?”

பாய் மெல்ல மெல்ல, தன் காலாலேயே நடந்தார். தர்கா வாசலில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தோம். அக்கா எங்களைக் கவனிக்கவே இல்லை. தண்ணீரையே முறைத்துக்கொண்டு நின்றாள்.