ஐந்து எழுத்து தூரம்

இன்று காலை ஈப்போவில், நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் நடந்தது.

மனைவிக்குக் கடும் காய்ச்சல். பேச்சே குழறியது. பல வருடங்களுக்கு முன் அங்கே போட்ட ஓர் ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எந்த மருந்து என்பது எனக்கு நினைவில்லை. பழைய பதிவைப் பார்க்காமல் ஊசி போட மருத்துவர் தயங்கினார்.

பதற்றத்தில் அவளுடைய அடையாள அட்டையை, ஐசியை, வீட்டிலேயே விட்டுவிட்டேன். பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். ‘லக்ஷ்மி’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

“அவங்க வயசுல லக்ஷ்மி யாருமே இல்லலா, அங்கிள்,” என்றாள் கவுண்டர் பெண். “ரெண்டு எழுத்து தப்பா அடிச்சாலும் கம்ப்யூட்டர் காட்டிரும். இங்கதான் வந்தீங்களா?”

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே மனைவி முனகுவது கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. அவள் பிறந்தபோது தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பெயர் ‘லெட்சுமி’. ஐசியிலும் அதுதான். படித்தவன் என்ற நினைப்பில் நான்தான் எங்கும் ‘லக்ஷ்மி’ என்று திருத்துவேன். Lakshmi, Letchumy என இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி எண்ணினேன். ஐந்து எழுத்து வேறு.

தயங்கித் தயங்கித் தாளை நீட்டினேன்.

“இருக்கு அங்கிள்! பெனிசிலின் ஆகாதுன்னு போட்டிருக்கு. டாக்டர்!”

மருத்துவர் வேறு மருந்தை எடுத்தார்.

மதியம் காய்ச்சல் இறங்கியதும் அவள் கேட்டாள்: “கிராணி எழுதுனத மாத்தாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?”

கம்ப்யூட்டர் இரண்டு பிழையைப் பொறுக்கிறது. நான் ஒன்றைக்கூடப் பொறுத்ததில்லை.

உங்கள் வீட்டாரின் பெயரைக் கிராணி எப்படி எழுதினார்? திருத்தாமல் சொல்லுங்கள்.