பொறிகளும் அரணும்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் பெயர் தளபதி. கத்தி, துப்பாக்கி எதையும் தொட்டவரில்லை. கையில் இருந்ததெல்லாம் ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும்தான். லிஃப்ட் மேலே ஏறும்போது பின்னால் கனமான இரும்புப் பாளங்கள் கீழே இறங்குமே, அந்தக் கவுண்டர் வெயிட்டால் வந்த வினை. அதே மாதிரி ஒரு பெட்டி நிறைய மண்ணைத் தொங்கவிட்டு, அந்தக் காலத்தில் கோட்டை மதில்மேல் பாறாங்கல் எறிந்தார்கள் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்குக் கோட்டைப் பித்து.

நல்ல புத்தகம்தான் கிடைக்கவில்லை. போர் வரலாறு கேட்டால் கடையில் குதிரைமேல் ராஜா இருக்கும் அட்டையைக் காட்டுவார்கள். உள்ளே யார் ஜெயித்தான், யாரைக் கட்டிக்கொண்டான் என்று இருக்கும். அகழியை எதைப் போட்டுத் தூர்த்தான், மதிலுக்கு வெளியே மாதக்கணக்கில் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, இதையெல்லாம் எழுத ஒருத்தனுக்கும் கை வராது. ஒரு கடையில் பொறிகள் பற்றிக் கேட்டு, எலி ஒழிப்புக் கையேட்டோடு திரும்பினார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மனைவி இறந்த பிறகு அவருக்கு வீட்டில் பேச ஆளில்லை. வெளியூர் மகன் போனில் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அகழி என்று வாயெடுத்தால் நாங்கள் டீ குடிக்க நழுவிவிடுவோம். இதைப் பேச ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று என்னிடமே சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு டீக்குப் போனேன்.

பிறகு நூலகத்துக் கம்ப்யூட்டரில் 'பொறிகளும் அரணும்' என்று ஒரு தலைப்பு சிக்கியது. முற்றுகைக் கருவிகள் பற்றி, படங்களோடு. வரலாற்று அலமாரியில் அது இல்லை. ஐம்பொறிகளை அடக்குவது பற்றி என்று நினைத்து யாரோ தியானப் பகுதியில் வைத்துவிட்டார்களாம். அங்கும் இல்லை; ஒருவர் எடுத்துப்போய் மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார், சனிக்கிழமை காலையில் வருவார் என்றார் நூலகர். தளபதிக்குப் புத்தகம் போனதே மறந்துவிட்டது. இந்த ஊரில் இன்னொரு ஆள் இருக்கிறார்!

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தார். பெட்டியில் கல்லைப் போடாமல் மண்ணை ஏன் போட்டார்கள் என்று ஒரு கேள்வியும் தயாராக வைத்திருந்தார். வந்தது ஒரு தையல்கார அம்மா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து புத்தகத்தை மேசைமேல் வைத்தார். எது வரை படித்திருக்கிறீர்கள் என்று தளபதி கேட்டார்.

"எங்க படிச்சேன்? மனச அடக்கறதப் பத்தின்னு நெனச்சு எடுத்தேங்க. தொறந்தா கல்லு விட்டு எறியறான். அதோட எழுத்தும் பொடி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அப்புறம் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்டார்.

"குடுத்துட்டா அடுத்த வாரம் இங்க வர என்ன சாக்கு இருக்கு? வீட்டுல எவ்வளவு நேரந்தான் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறது?"

அந்த அம்மா புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"வேணும்னா எடுத்துக்குங்க. ஆமா, நீங்க எதுக்கு இதத் தேடறீங்க?"

எத்தனையோ வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. அகழியா, மதிலா, ஏணியா, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்தார்.

"சும்மாதாங்க," என்றார்.

புத்தகம் அந்த அம்மாவின் பெயரிலேயே இருக்கட்டும் என்று நூலகரிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார். வீடு போய்ச் சேரும் வரை, அந்தக் கேள்விக்கு முழுப் பதிலையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாராம்.