அண்ணி கழற்ற வைத்த பலகை

எதையும் ஏன் என்று கேட்காவிட்டால் என் அண்ணிக்குத் தூக்கம் வராது. தையல் வேலை செய்கிறவர். துணி ஒரு விரல் சுருங்கினால்கூடக் கடைக்காரரின் உயிரை வாங்கிவிடுவார்.

அவர்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி கோல்ஃப் மைதானம். நல்ல வெளிச்சம் வேண்டுமென்று கொல்லையில் மேசை போட்டுத்தான் அண்ணன் கடிகாரம் பழுது பார்ப்பார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போனவர். பந்து வருகிறது என்று யார் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அதனால் அண்ணி மைதானத்தாரோடு மல்லுக்கட்டி, பந்தை அடிக்கிற இடத்தில் ஒரு பெரிய பலகை வைக்கச் செய்தார்: 'வலப்பக்கம் வீடு. ஜாக்கிரதை.'

பலகை வந்த பிறகு பந்துகள் கூடின! ஒன்று அண்ணனின் மேசை விளக்கையே உடைத்தது. இனி உள்ளே உட்கார்ந்துதான் வேலை என்றதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அண்ணியோ, பந்தைத் தேடி வந்த ஆட்டக்காரரை வேலியோரம் மடக்கினார்.

"இடது பக்கம் பார்த்துத்தானே அடிக்கிறீங்க? அப்புறம் எப்படிங்க பந்து எங்க வீட்டுக்கே வருது?"

அவர் மட்டையைத் தூக்கிக் காட்டினார். "அடி விழும்போது மட்டையோட முகம், பந்துல படுற இந்தத் தட்டைப் பக்கம், எங்க பார்க்குதோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிளம்பும். நாங்க உங்க வீட்டுக்குப் பயந்து இடது பக்கமா இழுத்து வீசுறோம். முகம் மட்டும் அந்த வீச்சோட திரும்பாம வலது பக்கமா விரிஞ்சு நிக்குது. அதனால பந்து சாஞ்சு சுத்தி, வலது பக்கம் வளைஞ்சிடுது."

"அப்போ ரொம்பப் பயந்தா ரொம்ப வளையுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்படித்தான் ஆகுது."

அடுத்த வாரமே, சண்டை போட்டு வைத்த பலகையைச் சண்டை போட்டே கழற்ற வைத்தார் அண்ணி. பலகை போனால் பயமும் போகும் என்ற கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டுமே! அண்ணனை உள்ளே அனுப்பிவிட்டு, தலையில் பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலில் நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

முதல் பந்து நேராகப் போனது. அடுத்தது கொஞ்சம் வளைந்து, வேலிக்கு அந்தப் பக்கமே விழுந்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை. இன்னும் பார்க்க வேண்டுமாம்.

அப்போது அண்ணன் ஒரு ஸ்டூலோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உள்ள போங்கன்னு சொன்னேன்ல!"

அண்ணியின் உதட்டைப் பார்த்தே ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்கிற மனிதர் அவர்.

"காது கேக்கல" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.