அக்காவின் கைக்காசு

அக்கா போனபின் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்கு வந்து எங்களைத் தேற்றிய உங்கள் எல்லோருக்காகவும், தம்பியான நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். அழாமல் எழுத வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். தாயகம் திரும்பியவர்களோடு சிறுமியாகக் கப்பலேறி வந்தார். அங்கே அப்பாவின் சம்பளத்தில் பிடித்து வைத்த பணம் பின்னால் வந்து சேரும் என்றார்கள். அப்பா காலமாகும் வரை வரவில்லை. அம்மாவின் முந்தானையில் முடிந்திருந்த காசு மட்டும்தான் நீலகிரியில் இந்தப் பந்தலூர் வரை கூட வந்தது. அதை அக்கா மறக்கவே இல்லை.

இங்கே கொழுந்து பறித்தே அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். கல்யாணப் பேச்சை எடுத்தால் சண்டைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை பறித்தால் அன்றைக்கே கையில் தரும் கூலியை எங்கள் ஆட்கள் கைக்காசு என்பார்கள். அதையெல்லாம் அக்கா அரிசி டின்னுக்குள் சேர்த்தார். வேலை ஓய்ந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு வீடு. அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

"தபால் ஆபீஸ்ல போட்டா வட்டியாவது வரும்க்கா" என்பேன்.

"கண்ணுக்குத் தெரியாத காசு நம்ம காசா தம்பி?" என்பார்.

பழைய ஐநூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவித்த வருடம் வேறு வழியில்லாமல் வங்கியில் போட்டவர், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்து டின்னை மறுபடி நிரப்பிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

ஒரு காலத்தில் அந்தப் பணத்துக்கு பஜாருக்கு மேலே மூன்று சென்ட் இடம் கிடைத்திருக்கும். கூரைக்கும் சேர்த்துக்கொண்டு வாங்கலாம் என்று இருந்துவிட்டார். அடுத்த முறை கேட்டபோது பாதி இடம்தான் வரும் என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு, லயத்தைக் காலி செய்யத் தோட்டத்தில் கொடுத்த தவணைக்குள் போனபோது, அஸ்திவாரம் போடக்கூடப் பத்தாது என்று இடத்துக்காரர் சிரித்தார். அக்கா வீட்டுக்கு வந்து நோட்டுகளைத் தரையில் பரப்பிவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒத்த ரூவா எடுக்கலையே தம்பி. எப்படிக் கொறஞ்சுச்சு?"

வெளியே விலைவாசி ஏற ஏற, சும்மா கிடந்த பணம் டின்னுக்குள்ளேயே தேய்ந்துபோனதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அந்தக் கவலையோடுதான் அக்கா படுத்தார்.

கடைசி நாட்களில் மாற்றி மாற்றி உடனிருந்த லயத்துப் பெண்களுக்கும், கூடலூர் ஆஸ்பத்திரிக்கு வாடகை வாங்காமல் ஜீப் ஓட்டிய டிரைவர் பையனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் மகளுக்கும் நன்றி. பெற்ற மகளுக்கு யாரும் மலரில் நன்றி எழுதுவதில்லை. ஆனால் அக்கா அந்த டின்னை அவள் மடியில் வைக்கச் சொல்லி, "வீடு வாங்கக் காணுமாடி?" என்று கேட்டபோது, "காணும் அத்தை, மிச்சமே இருக்கும்" என்று முகம் மாறாமல் சொன்னவள் அவள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்ப லயத்துச் சாவியக் குடுத்துரு தம்பி. நமக்குத்தான் வீடு இருக்கே."

காரியம் முடிந்ததும் தோட்டத்து ஆபீஸில் சாவியைக் கொடுத்துவிட்டேன். நாங்கள் இப்போது வாடகை வீட்டில் இருப்பது அக்காவுக்குத் தெரியாது.