அண்ணன் வள்ளத்துக்குக் கடைசியாக ஆயில் மாற்றியது

அண்ணனின் வள்ளத்துக்கு எப்போதும் ஆயில் மாற்றிக் கொடுப்பது நான்தான். துறைமுகச் சாலையில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. அண்ணனுக்குத் திரேஸ்புரத்தில் கடல் தொழில். லாரி என்றால் அடியில் படுத்து நட்டைக் கழற்றினால் பழைய ஆயில் தானாக இறங்கிவிடும். வள்ளத்தில் எஞ்சின் அடிப்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கீழே ஒரு கிண்ணம் வைக்கக்கூட இடமில்லை. அதனால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியே மெல்லிய குழாயை இறக்கி, கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பேன். முதல் தடவை பார்த்தபோது அண்ணன் சிரித்தான்.

"ஏலே, எஞ்சினுக்கு ரத்தம் எடுக்குதியா?"

பிறகு பம்பை அவனே வாங்கி அடிக்க ஆரம்பித்தான். நான் குழாயைப் பிடித்துக்கொள்வேன். நாங்கள் உட்கார்ந்து பேசியதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான்.

போன ஐப்பசியில், வலை இழுத்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. கூடப் போனவர்கள் வள்ளத்தை விரட்டிக்கொண்டு வந்தும், கரை சேர்வதற்குள் போய்விட்டான். வீட்டில் கடலுக்குப் போக வேறு ஆளில்லை. மதினியே வள்ளத்தை விற்றுவிடச் சொன்னாள். வேம்பாரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துப் பேசி முடித்தார்.

ஒப்படைக்கும் முன் ஆயிலை மாற்றிவிட நினைத்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் தனியாகப் போனேன். குளிர்ந்த ஆயில் குழாயில் ஏறாது என்பதால் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினேன்.

நிமிர்ந்தபோது மதினி மணலில் ஓடி வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை, கையெல்லாம் மாவு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீயா தம்பி?"

"ஆமா மதினி, ஆயில் மாத்த வந்தேன்."

"சத்தம் கேட்டுச்சு. அவிய வந்துட்டாவன்னு ஓடியாந்துட்டேன். பாதி வழியிலதான் நெனப்பு வந்துச்சு. காலு நிக்கல."

அவள் தண்ணீரில் இறங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறினாள். கிடந்த பம்பைப் பார்த்தாள்.

"இதுல அவிய என்ன செய்வாவ?"

"பம்பு அடிப்பான்."

"குடு."

நான் குழாயைப் பிடித்தேன், அவள் அடித்தாள். கறுத்த ஆயில் சூடாகக் கேனில் இறங்கியது. அதுவரை அவள் அழவில்லை. ஆயில் தீர்ந்து பம்பு வெறுங்காற்றை இழுத்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் புது ஆயிலை ஊற்றி மூடினேன்.

"வாங்குனவியள இங்கன ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லு தம்பி. என்னால கேக்க முடியாது."

மறுநாள் வள்ளத்தை எடுக்க வந்த வேம்பார்க்காரரிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. கூட வந்தவர்கள் கம்பை ஊன்றியே வள்ளத்தை வெகுதூரம் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணுக்கு மறைந்ததும் நான் மதினி வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்தி வைத்திருந்தாள்.

"போயிட்டாவளா?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

"போயாச்சு மதினி."

வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.