கயிற்றின் கடைசி ஆள்

அன்று காலை கடையில் இருந்தவர்கள்: முதலாளி, என்னைவிட வயதில் சின்னவர். படம் கொண்டுவந்த சார். அவர் மனைவி. நான்.

காக்ஸ் டவுனில் படத்துக்குச் சட்டம் போடும் கடை அது. ஒன்பது வருடமாக அங்கே கண்ணாடி வெட்டுகிறேன், ஆணி அடிக்கிறேன்.

படம் அந்த அம்மாவின் அப்பா வீட்டுப் படம். துணியில் வரைந்த கடல். கரையில் மீனவர்கள் வரிசையாக நின்று வலை இழுக்கிறார்கள். வலது ஓரத்தில், எல்லோருக்கும் பின்னால், ஏழாவதாக ஒருவன். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்கிறான். முகம்கூடச் சரியாகத் தெரியாது.

சட்டம், சார் ஏலக்கடையில் தனியாக வாங்கியது. முழுக்கத் தங்க முலாம். நாலு மூலையிலும் பூ, இலை, திராட்சைக் கொத்து. அளந்தேன். படம் நான்கு விரல் அகலம் கூடுதல்.

"ஃப்ரேமத் தொடாதீங்க. அதான் அழகே," என்றார் சார்.

"அப்போ படத்த ரைட்ல வெட்டிடலாம் சார். அந்தாளு எக்ஸ்ட்ராதான்." முதலாளி கத்தியை என்னிடம் நீட்டினார்.

"நான் வெட்ட மாட்டேன்."

"ஏன்க்கா?"

"அவன வெட்டினா கயிறு யார் கையில இருக்கும்?"

சார் சிரித்தார். "பெயிண்டிங்தானேம்மா. மீன் ஓடிடாது."

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "அவன் என்ன உன் அண்ணனா?"

"ஆமா. அண்ணன்தான்."

"வெட்டலன்னா திங்கக்கிழமைலேர்ந்து வராத."

வேறு வேலை கையில் இல்லை. அதுவும் தெரிந்துதான் நின்றேன்.

நான் கடலைப் பார்த்ததில்லை. இந்தக் கடைக்கு வரும் முன் கட்டட வேலையில் கயிற்றின் கடைசியில் நின்றிருக்கிறேன். எல்லோரும் மேலே ஏறும் கல்லைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. விடவில்லை.

கத்தியை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

"நீயே வெட்டுப்பா."

முதலாளி எடுத்தார். முனையைத் துணியருகே கொண்டுபோனார். அவர் அதுவரை எதையும் வெட்டியதில்லை. கை நின்றுவிட்டது.

"சார், உங்க படம். நீங்க ஒரு கோடு போட்டுக் குடுத்தா..."

சார் பென்சிலை வாங்கினார். மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா முன்னால் வந்தார். "கைய எடுங்க," என்றார். "எங்கப்பா வீட்டுப் படம் இது. அந்த ஃப்ரேம்ல உங்க போட்டோவ மாட்டிக்குங்க."

படத்துக்குச் சாதாரணத் தேக்குச் சட்டம் அடித்தேன். திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனேன். முதலாளி அடுத்த படத்தை என் மேசைமேல் வைத்தார்.

அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போய் ஹாலில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினேன். தங்கச் சட்டம் சோபாவுக்குப் பின்னால் காலியாகச் சாய்ந்திருந்தது. தள்ளி நின்று இடமிருந்து வலமாக எண்ணினேன்.

ஏழு பேர்.